பவர் ஏறுவதைத் தணிக்கும் குழந்தைகள் கண்ணாடி: அளவெடுப்பதிலிருந்து ஆறாம் மாதப் பரிசோதனை வரை

கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தும் லென்ஸ்களைப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு கேள்விகள்: "இதைப் போட்டால் பிள்ளைக்குப் பார்வை மங்குமா?", "இதைப் போட்டும் ஏன் பவர் ஏறியிருக்கிறது?" இரண்டுக்கும் விடை அந்த லென்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. புதிதாக இந்தக் கண்ணாடிகளைப் பொருத்தத் தொடங்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்களும் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதுபவர்கள்) பெற்றோரும் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், இந்த வழிகாட்டி இரு சாராருக்கும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. படிகளின் வரிசை முக்கியம்; முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைச் சரியாகச் செய்ய முடியாது.

1. லென்ஸ் செய்யும் வேலையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

குழந்தைகளின் கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால் வருகிறது. தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடுவதால் தூரம் மங்கலாகத் தெரிகிறது. சாதாரண மைனஸ் லென்ஸ் அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையின் நடுவில் விழச் செய்கிறது. ஆனால் விழித்திரையின் ஓரங்களில் ஒளி அதற்கும் பின்னால் குவியக்கூடும். ஓரங்களில் ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிந்தால் கண்ணின் நீட்சி தணியும் என்ற கருத்தின்மீதே இப்போதைய லென்ஸ்களில் பெரும்பாலானவை வடிவமைக்கப்பட்டுள்ளன.

அதற்காக லென்ஸை இரண்டு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் சுமார் 9 மி.மீ. விட்டமுள்ள தெளிந்த வட்டம் இருக்கிறது. அதில் குழந்தைக்குத் தேவையான முழுப் பவர் மட்டுமே உண்டு. அதைச் சுற்றி நுண்லென்ஸ்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஹோயா நிறுவனத்தின் மையோஸ்மார்ட் லென்ஸில் சுமார் 1 மி.மீ. அகலமுள்ள ஏறக்குறைய 400 நுண்லென்ஸ்கள், ஒவ்வொன்றும் +3.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) கூடுதல் பவருடன், தேன்கூட்டு அமைப்பில் இருக்கின்றன. எஸிலார் நிறுவனத்தின் ஸ்டெல்லஸ்ட் லென்ஸில் 1,021 நுண்லென்ஸ்கள் 11 வளையங்களாக அமைந்துள்ளன. சைட்கிளாஸ் விஷன் நிறுவனத்தின் லென்ஸ் வேறு வழியில் செல்கிறது. அதில் நுண்லென்ஸ்கள் கிடையா, ஒளியை இலேசாகச் சிதறடித்து விழித்திரை ஓரத்தில் விழும் பிம்பத்தின் கருமை வெண்மை வேறுபாட்டைக் குறைக்கும் மிகச் சிறு புள்ளிகளே உண்டு. இந்தக் கட்டுரை முதல் இரண்டு வகைகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி: நுண்லென்ஸ்கள் இருக்கும் பகுதியிலும், அவற்றுக்கு இடையிலான இடங்களில் குழந்தையின் முழுப் பவர்தான் இருக்கிறது. ஆகவே பிள்ளை பக்கவாட்டில் கண்ணைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு தெளிந்த பிம்பமும் அதன்மேல் படியும் ஒரு மங்கலும் சேர்ந்தே கிடைக்கின்றன. எழுத்து தெரியும், ஆனால் அதன் கூர்மை சற்றுத் தணிந்திருக்கும். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் இதுவே அடிப்படை.

2. லென்ஸைப் பற்றிப் பேசும் முன் கையில் இருக்க வேண்டிய அளவுகள்

முதல் தேவை, சொட்டு மருந்து விட்டு எடுத்த பவர். குழந்தையின் கண் தன்னையறியாமலேயே அருகில் பார்ப்பதற்கான இறுக்கத்தை வைத்துக்கொண்டிருக்கும். மருந்து விடாமல் எடுத்தால் உண்மையைவிடக் கூடுதலான மைனஸ் வந்துவிடும். சைக்ளோபென்டோலேட் 1% சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்து மறுபடியும் விட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருந்து எடுப்பது வழக்கம். அதன் பிறகு ஒரு நாள் வரை அருகில் மங்கலும் வெளிச்சத்தில் கூச்சமும் இருக்கும் என்பதால், மறுநாள் தேர்வு உள்ள பிள்ளைக்கு அன்று சொட்டு விடாமல் வேறு நாள் குறிப்பது நல்லது.

இரண்டாவது, கண் அச்சு நீளம், அதாவது கருவிழியின் முன்பரப்பிலிருந்து விழித்திரை வரையிலான நீளம். கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே இதை அளக்கும் கருவிகள் உள்ளன. பவர் அளவீடு ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாலே கால் டயாப்டர் மாறக்கூடியது. நீள அளவீடோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வரை நம்பத்தக்கது. நீளம் 1 மி.மீ. கூடினால் பவர் தோராயமாக 2.50 டயாப்டர் ஏறும் என்று வைத்துக்கொண்டால், 0.1 மி.மீ. மாற்றம் கால் டயாப்டருக்குச் சமம். லென்ஸ் வேலை செய்கிறதா என்று பின்னால் தீர்மானிக்கப்போவது இந்த எண்தான். தொடக்க நாளில் இதை எடுக்காமல் விட்டால், ஆறு மாதம் கழித்து எதனோடு ஒப்பிடுவது?

மூன்றாவது, இரு கண்களும் இணைந்து பார்க்கும் திறன், மாறுகண், சோம்பேறிக் கண் ஆகியவற்றுக்கான சோதனை. நான்காவது, கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பது. மிகச் சிறு வயதிலேயே பவர் மிகக் கூடுதலாக இருந்தால், அது உடல் முழுவதையும் தொடும் ஒரு மரபுக் குறைபாட்டின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அந்தக் குழந்தை முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம், கண்ணாடிக் கடைக்கு அல்ல.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நிகழும் பிழை, போன வருடத்துச் சீட்டை வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஆர்டர் கொடுப்பது. அடுத்தது, "பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது" என்ற பழைய நம்பிக்கையில் கால் அல்லது அரை டயாப்டரைக் குறைத்துப் போடுவது. குறைத்துப் போடுவது கிட்டப்பார்வையைத் தணிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலவற்றில் ஏற்றம் கூடியே இருந்தது. இந்த லென்ஸ்களில் அந்தக் கேடு இரட்டிப்பாகும்: நடுவட்டமும் மங்கி, சுற்றுப்பகுதியும் மங்கினால், பிள்ளைக்குத் தெளிவாகப் பார்க்க ஓர் இடமும் மிஞ்சாது.

3. இந்தப் பிள்ளைக்கு இது பொருந்துமா?

ஆய்வுகள் பெரும்பாலும் 8 முதல் 13 வயது வரையிலான, மாறுகண் முதலிய குறைகள் இல்லாத பிள்ளைகளிடம் நடந்தவை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 செப்டம்பரில் ஸ்டெல்லஸ்ட் லென்ஸுக்கு அனுமதி கொடுத்தபோது, சிகிச்சை தொடங்கும் வயதை 6 முதல் 12 வரை என்று வரையறுத்தது. வயது குறைய ஏற்றத்தின் வேகம் கூடும். ஆகவே ஏழு வயதில் -1.00 உள்ள பிள்ளை, பதினான்கு வயதில் -2.00 உள்ள பிள்ளையைவிட அவசரமானது. பெற்றோர் பொதுவாக இதைத் தலைகீழாகவே நினைக்கிறார்கள். "இன்னும் ஒன்றுதானே, பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது சரியாக அந்த வேகமான ஆண்டுகளில்தான் நடக்கிறது.

கண்ணாடியையே கழற்றி எறியும் பிள்ளைக்கும், ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் மட்டுமே கண்ணாடி போடும் பிள்ளைக்கும் இப்போதே இந்த லென்ஸை எழுதுவதை நான் தவிர்ப்பேன். முதலில் சாதாரணக் கண்ணாடியை நாள் முழுவதும் போடும் பழக்கம் சில வாரங்களில் வரட்டும். காரணம் எட்டாம் படியில் இருக்கிறது.

4. லென்ஸுக்கு முன் பிரேம்

நடுவட்டத்தின் விட்டம் 9 மி.மீ. என்றால், அதன் மையத்திலிருந்து விளிம்புக்கு 4.5 மி.மீ. மட்டுமே. கண்ணாடி மூக்கில் 5 மி.மீ. சரிந்தால், நேராகப் பார்க்கும்போதே பிள்ளையின் பார்வை தெளிந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். சாதாரண லென்ஸில் அதே சரிவு பெரிதாக ஒன்றும் செய்யாது. பிரேம் தேர்வு இங்கே அழகு சார்ந்த விஷயமாக இல்லாமல் பார்வை சார்ந்த விஷயமாக மாறுவது இதனால்தான்.

சிறு பிள்ளைகளின் மூக்குப் பாலம் தட்டையாகவும் தாழ்வாகவும் இருக்கும்; பெரியவர்களின் பிரேமைச் சுருக்கிச் செய்தவை அங்கே நிற்கவே நிற்காது. மூக்கில் முழுமையாகப் படியும் அகன்ற பாலமோ, வளைத்துச் சரிசெய்யத்தக்க மூக்குத் தாங்கிகளோ இருக்க வேண்டும். காதுக் கம்பி காதின் பின்புறம் வளைந்து பிடிக்க வேண்டும். கண்பாவை பிரேம் துளையின் ஏறக்குறைய நடுவில் வருமாறு அகலம் இருந்தால்தான் நான்கு பக்கமும் நுண்லென்ஸ் பகுதி வீணாகாமல் நிற்கும். உயரம் மிகக் குறைந்த நீள்வடிவப் பிரேமில் மேலும் கீழும் அந்தப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

சோதிப்பது எளிது. பிரேமை மாட்டிவிட்டு, பிள்ளையைக் குனிந்து செருப்பை மாட்டச் சொல்லுங்கள். பிறகு தலையை இருபுறமும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நிமிர்ந்ததும் விரல் தானாக மூக்குக்குப் போய்ப் பிரேமை ஏற்றிவிடுகிறதா என்று பாருங்கள். போனால் அந்தப் பிரேம் வேண்டாம். "ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவான், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்பது சட்டைக்குச் சரி, இங்கே சரிவராது.

5. தேர்ந்தெடுத்த அதே பிரேமில் அளவெடுத்தல்

இரண்டு அளவுகள் தேவை: மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்பாவைக்கும் தனித்தனியான தூரம், பிரேமின் கீழ் விளிம்பிலிருந்து கண்பாவையின் நடு வரையிலான உயரம். இரண்டையும் பிரேமை முகத்தில் முறையாகப் பொருத்தி, மூக்குத் தாங்கியையும் காதுக் கம்பியையும் வளைத்து முடித்த பிறகே எடுக்க வேண்டும். முதலில் அளவெடுத்துவிட்டுப் பிறகு பிரேமை வளைத்தால் உயரம் மாறிவிடும்.

பவர் எடுக்கும் கருவி காட்டும் மொத்தப் பி.டி. அளவை (இரு கண்பாவைகளுக்கும் இடையிலான தூரம்) இரண்டால் வகுத்து எழுதுவது இந்த வேலையில் நான் அதிகம் காணும் பிழை. பல முகங்களில் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் 28 மி.மீ., மறுபக்கம் 30 மி.மீ. இருக்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் 29 என்று எழுதினால், 4.5 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. தொடக்கத்திலேயே தொலைந்துவிட்டது. உயரத்தை எடுக்காமல் விடுவது இதைவிடப் பெரிய பிழை. சாதாரண லென்ஸ் ஆர்டர் செய்து பழகிய கைகள் ஆர்டர் சீட்டில் உயரத்துக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடும்.

பிள்ளையின் கண் மட்டத்தில் உங்கள் கண் இருக்க வேண்டும். நின்றுகொண்டு குனிந்து அளந்தால் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும், உயரம் கூடுதலாக வரும். முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, பிரேமில் உள்ள மாதிரி லென்ஸின்மேல் பேனாவால் கண்பாவையின் நடுவில் புள்ளி வையுங்கள். பிரேமைக் கழற்றி மறுபடியும் மாட்டி, புள்ளி அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை மாறினால் தவறு அளவிலா, பிரேமின் பொருத்தத்திலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

6. கண்ணாடி வந்ததும், பிள்ளையின் முகத்தில் மாட்டும் முன்

லென்ஸின்மேல் தொழிற்சாலையில் வரைந்த தற்காலிக அடையாளங்களை அழிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவைக் காட்டும் அடையாளம் பிள்ளையின் கண்பாவைமேல் விழுகிறதா என்று முகத்தில் மாட்டிப் பார்த்த பிறகே துடைக்க வேண்டும். துடைத்த பிறகு மையத்தைக் கண்டுபிடிப்பது சிரமம், முடியாததல்ல. லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தால், ஒரு கோணத்தில் நுண்லென்ஸ்களின் அமைப்பு சட்டென்று தெரியும்: நடுவில் வெறும் வட்டம், சுற்றிலும் நெருக்கமான சிறு வட்டங்கள். இருட்டறையில் கைப்பேசி டார்ச்சை லென்ஸ் வழியே வெள்ளைச் சுவரில் அடித்தாலும் அந்த அமைப்பின் நிழல் விழும். வாங்கியது உண்மையிலேயே இந்த வகை லென்ஸ்தானா என்று பெற்றோர் தாங்களே உறுதிசெய்துகொள்ள இது ஒன்றே போதும்.

லென்ஸ் பவரை லென்சோமீட்டரில் சரிபார்க்கும்போது நடுவட்டத்தில் மட்டுமே வைக்க வேண்டும். சற்று விலகினாலும் நுண்லென்ஸ்கள் குறுக்கிட்டுக் கோடுகள் மங்கும், எண்ணும் மாறும். "லென்ஸ் தவறாக வந்திருக்கிறது" என்று திருப்பி அனுப்பப்படும் சில லென்ஸ்களின் கதை இதுதான்.

7. முதல் இரண்டு வாரங்கள்: பிள்ளை என்ன பார்க்கும்?

நேராகப் பார்க்கும்போது தூரப் பார்வை சாதாரணக் கண்ணாடியில் கிடைப்பதற்குச் சமமாகவே இருக்கும். பார்வை அட்டையில் கடைசி வரியைப் படித்தால் லென்ஸைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அட்டை நடுவட்டத்தை மட்டுமே சோதிக்கிறது. மாற்றம் தெரிவது பக்கங்களில்.

கண் சுழலும் மையம் லென்ஸிலிருந்து சுமார் 25 மி.மீ. பின்னால் இருப்பதால், கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுமார் 10 பாகையில் பார்வைக் கோடு நடுவட்டத்தின் விளிம்பை அடைந்துவிடும். கண்பாவை ஒரு புள்ளி அன்று, அகலமுள்ள துளை. ஆகவே அதன் விளிம்பு அதற்கு முன்பே நுண்லென்ஸ்களுக்குள் நுழைந்துவிடும். வெயிலில் கண்பாவை சுருங்கியிருக்கும்போது இது குறைவாகவும், மாலை மங்கலிலும் இரவிலும் விரிந்திருக்கும்போது கூடுதலாகவும் நடக்கும். அதனால்தான் பகலில் ஒன்றும் சொல்லாத பிள்ளை, இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றோ, எதிரில் வரும் வண்டியின் விளக்கு சிதறுகிறது என்றோ சொல்கிறது. இது லென்ஸின் இயல்பு, கோளாறு அன்று.

எழுத்தளவில் பார்த்தால், நுண்லென்ஸ் பகுதி வழியே நல்ல கறுப்பு எழுத்து பெரும்பாலும் படிக்கத்தக்கதாகவே இருக்கும். வெளிறிய சாம்பல் எழுத்து, மங்கிய வெள்ளைப் பலகையில் வற்றிய பேனாவால் எழுதியது போன்றவைதான் தடுமாற வைக்கும். பலகையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ஓர இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது நாள் முழுவதும் தொல்லை. வகுப்பாசிரியரிடம் சொல்லிப் பிள்ளையைப் பலகைக்கு நேர் எதிராக உட்கார வைக்கக் கேளுங்கள். முதல் வரிசையாக இருக்க வேண்டும் என்பதில்லை, நேராக இருந்தால் போதும்.

பிள்ளைகள் சில நாள்களிலேயே கண்ணைத் திருப்புவதற்குப் பதில் தலையைத் திருப்பப் பழகிவிடுகிறார்கள். அதுவரை மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். படியிறங்கும்போது கண்ணைத் தாழ்த்தினால் படியின் விளிம்பு நுண்லென்ஸ் பகுதி வழியே தெரியும். தலையைக் குனிந்து பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வண்டிகள் ஓடும் சாலையில் சைக்கிள் ஓட்டுவதை முதல் வாரம் தவிர்க்கலாம். மூன்றாவது, புதிய கண்ணாடியை முதன்முதலில் மாட்டுவது விடுமுறை நாளின் காலையாக இருக்கட்டும். தேர்வு நாளாகவோ மாலை நேரமாகவோ வேண்டாம்.

"நன்றாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "தெரிகிறது" என்றே சொல்லும். வேறு விதமாகக் கேளுங்கள்: "பலகையில் எந்த மூலை படிக்கக் கஷ்டமாக இருந்தது?", "பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் தெரியவில்லை?", "ராத்திரி விளக்கு எப்படி இருந்தது?" கேட்பதைவிடப் பார்ப்பது இன்னும் நல்லது. கண்ணாடியின் மேல் விளிம்புக்கு மேலேயோ கீழ் விளிம்புக்குக் கீழேயோ எட்டிப் பார்ப்பது, மோவாயை உயர்த்தி அல்லது தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படிப்பது, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது ஆகியவை பழக்கமின்மையால் வருபவை அல்ல. மையம் தவறியிருக்கிறது என்பதற்கான குறிகள்.

முதல் சில நாள் இலேசான தலைவலியோ ஓரத்தில் மங்கலோ இருந்தால் பொறுத்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் இருந்தாலும், எந்த நாளிலும் இரட்டையாகத் தெரிந்தாலும், திரும்ப அழைத்துப் போங்கள். அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் பவரை மாற்றுவது அன்று. பிரேம் சரிந்திருக்கிறதா, மையம் சரியா என்று பார்ப்பதே. நான் பார்த்தவரை "லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு மூக்குத் தாங்கியை வளைத்துவிட்டாலே வேலை முடிந்துவிடுகிறது.

8. எத்தனை மணி நேரம்?

விழித்திருக்கும் நேரம் முழுவதும். சீனாவின் வென்ச்சோ நகரில் ஸ்டெல்லஸ்ட் வகை லென்ஸை வைத்து நடந்த இரண்டாண்டு ஆய்வில், சாதாரண லென்ஸ் போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 1.46 டயாப்டர் ஏறியது, இந்த லென்ஸ் போட்டவர்களுக்கு 0.66 டயாப்டர் ஏறியது; அதாவது ஏற்றம் 55% குறைந்தது. அதே ஆய்வில் நாள்தோறும் 12 மணி நேரமாவது போட்டவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது குறைவு 67% ஆக இருந்தது.

நேரம் கசியும் இடங்கள் எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். குறைந்த பவர் உள்ள பிள்ளைக்கு அருகில் படிக்கக் கண்ணாடி தேவைப்படாது. ஆகவே வீட்டுப்பாடத்துக்கும் கைப்பேசிக்கும் கழற்றி வைத்துவிடும். பள்ளிக்கு மட்டும் போடும், விளையாடும்போது கழற்றும். இவை எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு மணி ஆறாகிவிடும். பழைய கண்ணாடியை "மாற்றுக்கு இருக்கட்டும்" என்று மேசையில் வைத்திருப்பதும் இதே கணக்கில்தான் சேரும், ஏனெனில் பிள்ளை பழகிய கண்ணாடியையே எடுத்து மாட்டும். அதை எடுத்துப் பூட்டி வையுங்கள். புதியது உடைந்தால் மட்டும் வெளியே வரட்டும்.

வெளியில் விளையாடுவது தனியே உதவும் காரியம்; நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் இருப்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அப்போதும் கண்ணாடி முகத்தில்தான் இருக்க வேண்டும். நீச்சலுக்கும், முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்கும் கழற்றலாம்.

9. துடைப்பது

நுண்லென்ஸ்கள் இருக்கும் பரப்பைச் சட்டை நுனியால் தேய்த்தால், தூசி கீறலாகும். கீறல் விழுந்த லென்ஸ் நடுவட்டத்தையும் மங்கச் செய்து, பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைக்கக் காரணமாகும். சாதாரண நீரில் தூசியை அலசி, ஒரு துளி மென்மையான சோப்பிட்டு, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். வெந்நீரும், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையும் லென்ஸின் மேற்பூச்சைக் கெடுக்கும். பிரேமை வாரம் ஒரு முறை மேசையில் கவிழ்த்து வைத்து, இரண்டு காதுக் கம்பியும் ஒரே சமயத்தில் மேசையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் கடையில் கொடுத்து நேராக்கிக்கொள்ளுங்கள்.

10. ஆறாம் மாதம்: எண்களைப் படிப்பது

முதல் மாதச் சந்திப்பு பொருத்தத்தையும் பழக்கத்தையும் பார்ப்பதற்கு. அப்போது பவரை எடுத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. உண்மையான கணக்கு ஆறாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. தொடக்கத்தில் பயன்படுத்திய அதே கருவியில் அச்சு நீளத்தை எடுக்க வேண்டும். இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் தரும் எண்களை ஒப்பிட்டு "0.06 மி.மீ. கூடிவிட்டது" என்று கவலைப்படுவது வீண், அந்த வேறுபாடு கருவியிலிருந்தே வரக்கூடும்.

பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டியதும், பெரும்பாலும் சொல்லாமல் விடப்படுவதும் ஒன்று உண்டு: பவர் ஏறத்தான் செய்யும். மையோஸ்மார்ட் லென்ஸை ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டாண்டு சோதித்தபோது, லென்ஸ் போட்டவர்களுக்கு 0.41 டயாப்டரும் சாதாரண லென்ஸ் போட்டவர்களுக்கு 0.85 டயாப்டரும் ஏறின; கண் நீளம் 0.21 மி.மீ., 0.55 மி.மீ. என்ற அளவில் கூடியது. பவர் சிறிதும் ஏறாமல் நின்றவர்கள் லென்ஸ் போட்டவர்களில் ஐந்தில் ஒருவரளவே. ஆகவே அரை டயாப்டர் ஏறியதைப் பார்த்து "லென்ஸ் ஏமாற்றிவிட்டது" என்று தூக்கிப்போடுவதற்கு முன், இது இல்லாமல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்க வேண்டும். சென்ற இரண்டு ஆண்டுகளின் பழைய சீட்டுகள் கிடைத்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் வயது கூடக் கூட வேகம் தானாகவும் தணியும் என்பதால், தணிந்தது முழுவதையும் லென்ஸின் கணக்கில் எழுதுவதும் நேர்மையாகாது.

கிட்டப்பார்வையே இல்லாத பள்ளிப்பிள்ளையின் கண்ணும் வளரத்தான் செய்யும், ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்பது அவர்களிடம் காணப்படும் தோராயமான அளவு. லென்ஸ் போட்ட பிள்ளையின் வளர்ச்சி அதை ஒட்டி இருந்தால் மகிழ்ச்சியடையலாம். ஆண்டுக்கு 0.3 மி.மீ. என்ற வேகத்தில் போனால் யோசிக்க வேண்டும். பவர் அரை டயாப்டர் மாறிவிட்டால் லென்ஸையும் மாற்றிவிடுவது நல்லது. மங்கிய நடுவட்டத்தோடு ஓட்டுவதில் பயனில்லை.

11. எதிர்பார்த்த அளவு தணியாவிட்டால்

லென்ஸை மாற்றும் முன் வரிசையாகப் பாருங்கள்: உண்மையில் எத்தனை மணி நேரம் போடப்படுகிறது, பிரேம் எங்கே நிற்கிறது, பவர் முழுமையாக இருக்கிறதா, வெளியில் எவ்வளவு நேரம் போகிறது. இந்த நான்கும் சரியாக இருந்தும் வேகம் தணியவில்லை என்றால், கண் மருத்துவரின் மேற்பார்வையில் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தைச் சேர்ப்பதோ, இரவில் மட்டும் அணியும் ஆர்த்தோ-கே காண்டாக்ட் லென்ஸுக்கு மாறுவதோ பற்றிப் பேசலாம். அட்ரோபின் சேர்க்கும்போது கண்பாவை சற்று விரியும். ஏழாம் படியில் சொன்ன ஒளிச்சிதறல் அப்போது கூடும் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பழகிய கண்ணாடியே மறுபடியும் குற்றவாளியாகும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரே வயது கிடையாது. பதின்ம வயதின் பிற்பகுதியில் ஏற்றம் பலருக்கு மெல்ல நிற்கிறது. சிலருக்குக் கல்லூரிக் காலம் வரை தொடர்கிறது. இரண்டு ஆண்டுகள் அச்சு நீளம் ஏறக்குறைய அசையாமல் இருந்த பிறகே சாதாரண லென்ஸுக்கு மாறுவதைப் பற்றி நினைக்கலாம். மாறிய பிறகும் ஓராண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கருவியில் அளந்து, எண் மறுபடியும் நகரத் தொடங்கினால் பழைய லென்ஸுக்கே திரும்ப வேண்டும். இடையில் எந்தக் கட்டத்திலும் பிள்ளை மின்னல் போன்ற ஒளி தெரிகிறது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதக்கின்றன, ஒரு பக்கம் திரை விழுந்தது போல் இருக்கிறது என்று சொன்னால், அது கண்ணாடிப் பிரச்சினை அன்று. அன்றைக்கே கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.